தக்காளி, மிளகாய் நாற்று: வேலூர் வெயிலில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களும் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் காய்கறி பயிரிடுபவர்களும் நாற்றுப் பருவத்தில் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பலவாக இருந்தாலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நம் ஊரில் நாற்றைக் கெடுப்பது வெயில் மட்டும் அல்ல, வெயிலுக்குப் பயந்து நாம் அளவு மீறிக் கொடுக்கும் நிழலும் தண்ணீரும் அதைவிட அதிகமாகக் கெடுக்கின்றன.

குளிர்நாட்டுக் காணொளிகளில் நாற்றுக்கு மின்விளக்கும் சூடேற்றும் பாயும் வைக்கிறார்களே, நமக்கும் வேண்டுமா?

வேண்டாம். பனி விலகும்வரை வீட்டுக்குள் நாற்றை வைத்துக் காக்க வேண்டிய ஊர்களுக்கு அந்த ஏற்பாடு. தக்காளி முளைக்க ஏறக்குறைய 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். மிளகாய் 25 முதல் 30 டிகிரி வரை விரும்பும். வேலூரில் ஆண்டின் பெரும்பகுதி இந்த வெப்பம் நிழலிலேயே கிடைக்கிறது. 40 டிகிரியைத் தாண்டும் ஏப்ரல், மே மாதங்களில் விதையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் நமக்குள்ள வேலை. அந்தப் பணத்தில் ஒரு நிழல்வலையும் ஒரு பூவாளியும் வாங்குங்கள்.

எந்த மாதத்தில் விதைக்கலாம்?

விதைக்கும் நாளைப் பார்ப்பதற்கு முன் பூக்கும் நாளைக் கணக்குப் போடுங்கள். தக்காளி நாற்று நடவுக்கு வர ஏறக்குறைய 25 நாள். நட்ட ஒரு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும். பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பிப்ரவரியில் விதைத்தால் பூக்கும் காலம் ஏப்ரல் வெயிலில் போய் விழும். கோடையில் நல்ல விலை கிடைக்கும் என்று நம்பி அந்தப் பட்டத்தில் இறங்கும் விவசாயிகள் உண்டு. நீர்வசதியும் அனுபவமும் உள்ளவர்களுக்கு அது ஒத்துவரலாம். மாடித்தோட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. அதனால் ஜூன் கடைசியில் விதைத்து ஆடியில் நடுவது ஒரு பட்டம். கனமழை ஓய்ந்த பிறகு நவம்பர் கடைசி, டிசம்பரில் விதைப்பது இன்னொன்று. தக்காளிக்கு இரண்டாவதுதான் சிறந்தது என்பது என் கருத்து: இரவு குளிர்ந்திருக்கும், வெள்ளை ஈயும் குறைவு. மிளகாய் வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஆனால் நாற்றுக்கே 40 முதல் 45 நாள் ஆகும். ஜூன், ஜூலையிலும் செப்டம்பரிலும் ஜனவரியிலும் விதைக்கலாம்.

எந்த ரகம் நல்லது?

தக்காளியில் கோ 3, பி.கே.எம். 1 ஆகியவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டவை. இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும் வீரிய ஒட்டு (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பின விதை) வேண்டுமென்றால், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் இருக்கிறது. மிளகாயில் கே 1, கே 2, கோ 4, பி.கே.எம். 1 என்று பல உண்டு. வற்றலுக்கா பச்சைக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கோ 4 காய் காரம் குறைந்தது, பச்சையாகச் சமைக்கவே ஏற்றது.

இப்போது எது கையிருப்பில் இருக்கிறது என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

சந்தையில் வாங்கிய பழத்தின் விதையைப் போடலாமா?

முளைக்கும். என்ன காய்க்கும் என்பதற்குத்தான் உறுதி இல்லை. சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி வீரிய ஒட்டு. அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்துவிடும். நாட்டு ரகமாக இருந்தால் தாராளமாக விதை எடுங்கள். நன்கு பழுத்த பழத்தின் சாற்றோடு விதையை ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் வழுவழுப்பு போய்விடும். பிறகு நிழலில் உலர்த்துங்கள். மிளகாயில் அயல் மகரந்தச் சேர்க்கை சகஜம். பக்கத்தில் வேறு ரகம் நின்றால் விதை தூய்மையாக இருக்காது.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செடி பார்த்து விதை எடுத்து வந்ததால்தான் அந்த ரகம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. தக்காளியிலும் மிளகாயிலும் அப்படி ஒரு குணமுள்ள செடி உங்கள் வீட்டில் நின்றால், முதல் காய்களைச் சமையலுக்குப் பறித்துவிடாமல் விதைக்கு விடுங்கள். (கத்தரி வளர்ப்பவர்களும் கேட்கிறார்கள்: இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். நாற்று 30 முதல் 35 நாளில் நடவுக்கு வரும்.)

விதை நேர்த்தி அவசியமா?

அவசியம். கடையில் வாங்கிய விதையில் இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ மருந்துப் பூச்சு இருந்தால் அப்படியே விதையுங்கள். பூச்சு இல்லாத விதையென்றால், நோய்ப் பூசணத்தை அடக்கும் நுண்ணுயிர்த் தூள்களில் ஒன்றைப் பூசுங்கள்: ஒரு கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூசணம்) 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) 10 கிராம் என்பது அளவு. வீட்டில் ஒரு சிட்டிகை விதைக்கு அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும். மருந்துப் பூச்சுள்ள விதையில் இந்த நுண்ணுயிர்த் தூளைக் கலக்காதீர்கள். பூசணத்தைக் கொல்லும் மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும்.

குழித்தட்டா, மேட்டுப்பாத்தியா?

நூறு, இருநூறு நாற்றுக்குக் குழித்தட்டு. 98 குழி கொண்ட தட்டுதான் பரவலாகக் கிடைக்கிறது. ஒரு தட்டை நிரப்ப ஏறக்குறைய 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு ஆகும். வேர் அறுபடாமல் கட்டியோடு எடுத்து நடலாம் என்பது இதன் பெரிய நன்மை. விலை கொடுத்து வாங்கிய ஒட்டு விதையை வேறு எதிலும் போடாதீர்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 தக்காளி விதைகள் இருக்கும். குழிக்கு ஒன்று என்று வைத்தால் வீணாகாது.

வயல் அளவுக்கு, விதைச்செலவு குறைந்த ரகம் என்றால் மேட்டுப்பாத்தி போதும். ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் வையுங்கள். விதையைத் தூவிவிடாமல் வரிசையாகக் கோடு கிழித்துப் போட்டு, மேலே மணல் தூவி மூடுங்கள்.

ஏரி வண்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்முடையது ஏரிகள் நிறைந்த பகுதி. வண்டல் வளமானது என்பதால் அதையே தட்டில் நிரப்புகிறார்கள். குழித்தட்டுக்கு அது ஆகாது. நனைந்தால் இறுகும், காய்ந்தால் வெடிக்கும், பிஞ்சு வேருக்குக் காற்று கிடைக்காது. வண்டலை வயலுக்குக் கொண்டுபோங்கள். தட்டில் நார்க்கழிவும் நன்கு மக்கிய மண்புழு உரமும் போதும். நார்க்கழிவுக் கட்டியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, அதிலிருக்கும் உப்பை வெளியேற்றிய பிறகே நிரப்புங்கள்.

தக்காளி முளைத்துவிட்டது, மிளகாய் அசையவே இல்லை. விதை கெட்டுப்போனதா?

பெரும்பாலும் இல்லை. தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மிளகாய் எட்டு முதல் பன்னிரண்டு நாள் எடுக்கும். மார்கழி, தை இரவுகளில் இன்னும் தாமதமாகும். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரமும் வெப்பமும் நிற்கும். வெயிலில் மூடி வைத்தால் விதை வெந்துவிடும். தினமும் காலையில் திறந்து பாருங்கள். முதல் முளை வளைந்து தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முளைகள் இருட்டில் நீண்டுவிடும். அப்படி நீண்டதைச் சரிசெய்வது கடினம்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நாற்றுக்கு ஊற்றலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தவர்கள் கேட்கும் கேள்வி இது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் உப்பைச் சேர்த்த வரலாறு ஊரறிந்தது. உப்பைத் தாங்கும் சக்தி தக்காளிக்கு நடுத்தரம். மிளகாய்க்கு அதைவிடக் குறைவு. பிஞ்சுப் பருவத்தில் இரண்டுமே தாங்காது. இலை நுனி கருகுவது, வளர்ச்சி நின்றுவிடுவது, கலவையின் மேல் வெள்ளைப் படலம் படிவது ஆகியவை உப்பின் அடையாளம்.

நாற்றுப் பருவத்துக்கு வேண்டிய தண்ணீர் மிகக் கொஞ்சம். மழைநீரை இரண்டு குடம் பிடித்து வைத்தாலே மாடித்தோட்டத்து நாற்று முழுவதற்கும் பல நாள் வரும். குடிநீராக வரும் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். கிணற்று நீரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், அதோடு மழைநீரைக் கலந்து ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை தட்டின் அடியில் வழியும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிச் சிலர் நாற்றுக்கு விடுகிறார்கள். பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று: மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்தும் வெயிலில் கிடக்கும் குழாயிலிருந்தும் பகலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை நாற்றின்மேல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விடிகாலையில் பிடித்து நிழலில் வைத்த தண்ணீரையே விடுங்கள்.

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று காலை அடியில் சூம்பி விழுந்துகிடக்கிறது. ஏன்?

இது நாற்றழுகல். நாற்றங்காலில் இதைவிடப் பெரிய எதிரி இல்லை. பித்தியம் என்ற பூசணம் மண்ணிலும் அழுக்குத் தட்டிலும் காத்திருக்கும். அது இரண்டு விதமாகத் தாக்குகிறது. விதை மண்ணுக்கு மேலே வருமுன்பே அழுகிவிடுவது ஒன்று. விதை சரியில்லை என்று நாம் கடைக்காரரைக் குறை சொல்வோம். முளைத்து இரண்டு இலை விட்ட பிறகு, மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதி நீர்கோத்து மெலிந்து சாய்வது இன்னொன்று. ஓர் ஓரத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும்.

பூசணம் எங்கும் உண்டு. அதற்கு வாய்ப்பைக் கொடுப்பது நாம்தான். நெருக்கமாக விதைப்பது, சரியாக மக்காத சாணத்தைக் கலப்பது, காற்று புகாமல் மூடிவைப்பது, மாலையில் தண்ணீர் விட்டு இரவு முழுவதும் ஈரத்தில் நிற்கவைப்பது என்று எல்லாம் நம் கைச்செயல். கோடையில் நாற்று காய்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். மேல்பரப்பு உலர்ந்து தெரிந்தாலும் விரல் நுனியை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பூவாளியைக் கீழே வையுங்கள். காலையில் ஒருமுறை நன்றாக விடுங்கள். கடும் வெயில் நாட்களில் மூன்று மணிவாக்கில் லேசாக இன்னொரு முறை. அந்தி சாயும்போது இலை உலர்ந்திருக்க வேண்டும்.

விழுந்த நாற்று பிழைக்காது. அதையும் அதைச் சுற்றியுள்ள கலவையையும் அள்ளி வெளியேற்றுங்கள். மீதிக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். மருந்து வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே டிரைக்கோடெர்மாவை மக்கிய எருவில் கலந்து, பத்துப் பதினைந்து நாள் நிழலில் ஈரமாக வைத்துப் பெருக்கிக் கலவையில் சேர்க்கட்டும். அது வருமுன் காக்கும். வந்த பிறகு பெரிதாக உதவாது.

மேட்டுப்பாத்தி போடுபவர்களுக்கு வேலூர் வெயிலே மருந்து. ஏப்ரல், மே மாதத்தில் பாத்தியை நன்கு நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் அணைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறும் வெப்பத்தில் பூசணமும் களைவிதையும் நூற்புழுவும் பெருமளவு அழியும். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளே இதற்கு ஏற்றது. செலவு சொற்பம். நம் ஊருக்கு இவ்வளவு பொருத்தமான முறையை இவ்வளவு குறைவான பேர் செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது.

வெளிச்சம் போதவில்லை. வெயிலுக்குப் பயந்து வராந்தாவிலோ அடர்ந்த வலைக்கடியிலோ வைத்திருப்பீர்கள். 50 சதவீத நிழல்வலைக்கு மேல் தேவையில்லை. முளைத்துப் பத்து நாள் ஆனதும் காலை வெயிலை நேரடியாகக் காட்டத் தொடங்குங்கள். ஒன்பது, பத்து மணிவரை படட்டும், பிறகு வலை. தினமும் கையால் நாற்றின் தலையை மெல்லத் தடவிவிட்டாலும், காற்று ஆடும் இடத்தில் வைத்தாலும் தண்டு தடிக்கும்.

தட்டை மொட்டை மாடித் தரையில் நேராக வைக்காதீர்கள். மாலை ஏழு மணிக்கும் அந்தத் தரை சூடாக இருக்கும், வேர் வெந்துபோகும். செங்கல் அடுக்கி அல்லது பழைய பெஞ்சின்மேல் வையுங்கள்.

உரம் எப்போது?

முதலில் வரும் விதையிலைக்கு அடுத்து இரண்டு உண்மை இலை வந்த பிறகு. அதுவரை விதையிலை தாங்கும். நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு என்பதால், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் கரைத்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். இயற்கைவழி வேண்டுவோர் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலக்கலாம். யூரியா வேண்டாம். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் நாற்று பார்வைக்கு அழகு. நட்ட மறுநாள் முதலில் துவளுவது அதுதான். லேசாக இளைத்து, தண்டில் ஊதா படர்ந்து, குட்டையாக நிற்கும் தக்காளி நாற்றையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இலை சுருண்டுகொள்கிறது. வைரஸா?

எல்லாச் சுருட்டையும் வைரஸ் அல்ல. மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. இலைப்பேனுக்கு லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு மாலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளியுங்கள். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும், அப்போது வேண்டாம். இரண்டையும் ஒன்றாகவோ அடுத்தடுத்த நாளிலோ தெளிக்கக் கூடாது.

தக்காளியில் நுனியிலை சிறுத்து, மஞ்சள் ஓடி, கொத்தாகச் சுருண்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அதற்கு மருந்தே இல்லை, பிடுங்கி எரியுங்கள். அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சிவலையால் முளைத்த நாளிலிருந்தே தட்டை மூடிவைப்பதுதான் உண்மையான காப்பு. நாற்றுப் பருவத்தில் தொற்றிய செடி ஏறக்குறைய காய்ப்பதே இல்லை என்பதால் இந்த 25 நாள் காவல் மிக முக்கியம்.

வீட்டில் பீடி சுற்றுகிறோம். நாற்றைத் தொடக்கூடாது என்கிறார்களே?

குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கத்தில் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். புகையிலைத் தேமல் நச்சுயிரி பதப்படுத்திய புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கை வழியாகப் பரவும். தொடவே கூடாது என்பதில்லை. சோப்புப் போட்டு நன்றாகக் கைகழுவிய பிறகு தொடுங்கள். பீடி, புகையிலைத் தூளை நாற்றருகே கொட்ட வேண்டாம். புகைப்பவர்களுக்கும் இதே விதி.

குடைமிளகாய் வளருமா?

நாற்று நன்றாகவே வளரும், காய்ப்புதான் சிரமம். பகல் 32 டிகிரிக்கு மேல் போனால் பூ உதிரத் தொடங்கும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் வாய்ப்பு அதிகம். சமவெளியில் செப்டம்பர் கடைசியில் விதைத்து, டிசம்பர், ஜனவரியில் பூக்கும்படி முயன்று பாருங்கள்.

நாற்றுப்பண்ணையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ பறந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரு நாற்றை மேலே இழுத்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெண்மையாக, கலவைக் கட்டியைப் பிடித்தபடி வர வேண்டும். பழுப்பேறிச் சுற்றிக்கொண்டிருந்தால் வயதானது. விதையிலை இன்னும் உதிராமல் இருப்பது நல்ல அறிகுறி. பூ விட்ட நாற்றை விரும்பி வாங்குகிறார்கள். அதைத்தான் தவிர்க்க வேண்டும்.

எப்படி நடுவது?

நடுவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையை நீக்கி, முழு வெயிலில் நிற்கவிடுங்கள். லேசாக வாடி மாலையில் நிமிர்ந்தால் சரியான பக்குவம். வேரை லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைசலில் கால் மணி நேரம் நனைத்து, நான்கு மணிக்கு மேல் நடுங்கள். தக்காளியைத் தண்டின் பாதிவரை புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்து புதுவேர் விடும். நெட்டையாகிவிட்ட தக்காளி நாற்றையும் இப்படிக் காப்பாற்றலாம். மிளகாயைத் தட்டில் நின்ற ஆழத்திலேயே நட வேண்டும். ஆழமாக வைத்தால் கழுத்து அழுகும். இடைவெளி 60க்கு 45 சென்டிமீட்டர்.

நட்ட மறுநாள் துவண்டு கிடக்கிறது. பிழைக்குமா?

மதியம் துவண்டு காலையில் நிமிர்ந்தால் பயம் இல்லை. வேப்பங்கொத்தையோ தென்னை ஓலைத் துண்டையோ மேற்குப் பக்கம் குத்தி இரண்டு மூன்று நாள் நிழல் கொடுங்கள். காலையிலும் நிமிராவிட்டால் அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள். உறுதியாக இருந்தால் காத்திருக்கலாம். மெலிந்து நீர்கோத்திருந்தால் உடனே எடுத்துவிட்டு, பக்கத்தில் வேறு நாற்றை வையுங்கள். இதற்காகவே நட்ட பிறகும் பத்தில் ஒரு பங்கு நாற்றைத் தட்டிலேயே ஒரு வாரம் வைத்திருப்பது நல்லது.